முப்பத்துநான்கு கணினிகளும் ஏழாம் கட்டமும்

1

சென்ற செவ்வாயோடு இந்த நிறுவனத்தில் நான் சேர்ந்து பத்து ஆண்டுகள் முடிந்தன. கனடாவுக்கு, இந்த ஆட்டவா நகருக்கு, வந்தது அதற்கும் ஓராண்டு முன்னால். காலை சரியாக எட்டு மணிக்கு வாழ்த்து மின்னஞ்சல் வந்தது. பலூன் படம், நடுவில் என் பெயர், கீழே "உன்னால் நாங்கள் பெருமைப்படுகிறோம்" என்ற வரி. அதை மனிதர் யாரும் அனுப்பவில்லை. எட்டு மணிக்குத் தானாகக் கிளம்பும் ஒரு ஸ்கிரிப்ட், ஒரு சின்னக் கணினி நிரல், அனுப்பியது. எனக்கு நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் அந்த ஸ்கிரிப்டை எழுதியவள் நான்தான்.

எட்டு ஐந்துக்கு இரண்டாவது மின்னஞ்சல். இதை மனிதர்தான் அனுப்பியிருந்தார். பிரிவுத் தலைவர் கெவின். "வால், நிகழ்வு அறிக்கையை இணைத்திருக்கிறேன். ஏழாம் கட்டத்தைச் சரிபார்த்து மதியத்துக்குள் கையெழுத்திடு." என் பெயர் வளர்மதி. இங்கே அது வால் ஆகிவிட்டது. முதல் ஆண்டில் அதைக் கேட்டு நான் தனியாகச் சிரித்ததாக நாட்குறிப்பில் இருக்கிறது. இரண்டாம் ஆண்டிலிருந்து அப்படி எந்தக் குறிப்பும் இல்லை.

அறிக்கைப் படிவத்தில் ஏழாம் கட்டத்தின் தலைப்பு: "தவறிழைத்த நபர்." அதில் ஏற்கெனவே ஒரு பெயர் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. ஜெயசீலி, திண்டுக்கல்.

2

ஊரில் இதைப் படிப்பவர்களில் பலர், நான் இங்கே ஏதோ பெரிய விஞ்ஞானம் செய்வதாக நினைக்கிறார்கள். இல்லை. மற்றவர்களின் கணினிகள் முரண்டு பிடித்தால், இருந்த இடத்திலிருந்தே அவற்றைத் தட்டிக் கேட்பது எங்கள் நிறுவனத்தின் வேலை. மருந்துக்கடைகள், பல் மருத்துவர்கள், நூலகங்கள். சிலரிடம் விண்டோஸ், சிலரிடம் லினக்ஸ், தங்களைக் கலைஞர்கள் என்று நினைத்துக்கொள்பவர்களிடம் மேக். மூன்றுக்கும் கட்டளைகள் வேறு, பதில்கள் வேறு. மூன்றையும் ஒரே மாதிரி விசாரிக்க ஒரே ஸ்கிரிப்ட் வேண்டும் என்பது கெவினின் பெருங்கனவு. "ஒன்று, எல்லாவற்றுக்கும்" என்று ஒரு பலகையில் எழுதித் தன் மேசைக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார்.

அந்த ஸ்கிரிப்ட் செய்வது இதுதான். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைந்து, நீ எந்த வகை என்று கேட்கும். பிறகு அதன் வகைக்கு ஏற்ற கட்டளையைக் கொடுத்து, அருகிலுள்ள சர்வருக்கு ஒரு குரல் கொடுக்கச் சொல்லும். சர்வர் பதில் சொன்னால் இணைப்பு நலம். பதில் இல்லையென்றால் இணைப்பை அணைத்து எழுப்பும். அப்போதும் பதில் இல்லையென்றால் கணினியையே அணைத்து மறுபடி தொடங்கும். கால்மணி நேரம் கழித்து, மறுபடி முதலிலிருந்து.

இதை அன்றாடம் ஓட்டுபவர்கள் திண்டுக்கல்லில் இருக்கிறார்கள். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு உரக்கடையின் மாடியில், ஆறு பேர் வேலை செய்யும் ஒப்பந்த அலுவலகம். என் சொந்த ஊர் என்பதால் அந்த ஒப்பந்தம் அங்கே போனதாக இங்கே ஒரு பேச்சு உண்டு. விலை குறைவு என்பதால் போனது. கெவினுக்குத் திண்டுக்கல் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அந்த அலுவலகத்தை அவர் "அந்தப் பக்கம்" என்றுதான் சொல்வார்.

3

நடந்தது இது. அதற்கு முந்தைய வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, ஆற்றுக்கு அக்கரையில், பிரெஞ்சு பேசும் பகுதியில் உள்ள பதினோரு மருந்துக்கடைகளில் முப்பத்துநான்கு கணினிகள் ஒரே நேரத்தில் அணைந்தன. மறுபடி எழுந்தன. கால்மணி நேரத்தில் மறுபடி அணைந்தன. மதியம் ஒன்றரை வரை இப்படியே. மருந்துச் சீட்டோடு வந்த கிழவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, திரை கறுப்பதையும் வெளுப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

அன்று முழு ஓட்டத்துக்கு உத்தரவிட்டவர் கெவின். யாரோ ஒரு வாடிக்கையாளர் வேகம் போதவில்லை என்று முணுமுணுத்ததற்காக, "எல்லாக் கணினியிலும் இப்போதே ஓட்டுங்கள்" என்று ஒற்றை வரி. அந்தப் பதினோரு கடைகளை இரண்டு ஆண்டுகளாகப் பார்த்துவந்த ஜெயசீலி அன்று விடுப்பு. அவளுடைய அக்கா மகளுக்குத் தேவாலயத்தில் புதுநன்மைச் சடங்கு. அலுவலகப் பொறுப்பாளர் முருகேசன் உட்கார்ந்து ஓட்டினார்.

பிறகு விசாரணை. இரண்டு முழு நாட்கள், பதினான்கு பேர், ஒரு வெளி ஆலோசகர், பல வண்ணங்களில் அம்புக்குறிகள். ஸ்கிரிப்டைப் பராமரிக்கும் என்னை மட்டும் கூப்பிடவில்லை, நடுநிலைக்காகவாம். கண்டுபிடித்தது என்ன? அந்த முப்பத்துநான்கு கணினிகளில் ஜெயசீலி இரண்டு ஆண்டுகளாக ஸ்கிரிப்டை ஓட்டவில்லை. ஒவ்வொன்றாக உள்ளே போய், கட்டளைகளைக் கையால் தட்டிப் பார்த்திருக்கிறாள். "விதிமீறல். ஸ்கிரிப்டின் குறையை நிறுவனத்திடமிருந்து மறைத்தது. பரிந்துரை: இந்தப் பணியிலிருந்து நீக்கம்."

இரண்டு ஆண்டுகள் கணினிகள் அணையாமல் பார்த்துக்கொண்டவள் குற்றவாளி. ஒற்றை வரியில் அணைத்தவர் அறிக்கையின் ஆசிரியர்.

குறை என்ன என்பதை மட்டும் பதினான்கு பேரும் சொல்லவில்லை. "தொழில்நுட்பக் காரணிகள்" என்று முடித்திருந்தார்கள்.

4

பொறியியல் முடித்து நான் முதலில் வேலை பார்த்தது திண்டுக்கல் பேகம்பூரில், ஒரு கணினி பழுதுபார்க்கும் கடையில். ஒரு சன்னல், இரண்டு மேசை, மின்விசிறி சுற்றினால் பறக்கும் ரசீதுகள். முதலாளிக்கு எல்லா நோய்க்கும் ஒரே மருந்து. "ஃபார்மட் பண்ணிருவோம் பாய்." அச்சு வரவில்லையா, ஃபார்மட். எழுத்து சின்னதாகத் தெரிகிறதா, ஃபார்மட். தோல் வியாபாரி ஒருவர் ஒருநாள் கேட்டார்: "ஏம்ப்பா, எனக்குச் சளி புடிச்சா என்னயும் ஃபார்மட் பண்ணிருவியா?"

வெளிநாடு வந்தவர்கள் இப்படிப்பட்ட கடைகளை நினைத்து உருகி எழுதுவதைப் படிக்கிறேன். எனக்கு உருக்கம் எதுவும் இல்லை. அது ஒரு ஏமாற்றுக் கடை. ஆனால் அங்கே ஏமாந்தவர் எதிரே நின்று திட்டுவார், முதலாளி கேட்டே ஆக வேண்டும். இங்கே அதே ஒற்றை மருந்தைப் பலகையில் எழுதி மாட்டி, தொலைநோக்கு என்று பெயரிட்டு, திட்ட வேண்டியவர்களை ஆற்றுக்கு அக்கரையில் வைத்துவிட்டார்கள். முன்னேற்றம் அவ்வளவுதான்.

5

அறிக்கையோடு கணினிகளின் பதிவுகளையும் இணைத்திருந்தார்கள். திறந்தேன். கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொள்வது என் வழக்கம். எட்டு இருபத்தொன்றுக்குத் திறந்தேன், எட்டு இருபத்தைந்துக்குக் காரணம் தெரிந்தது.

சர்வர் ஒவ்வொரு முறையும் பதில் சொல்லியிருக்கிறது. ஆங்கில விண்டோஸ் அந்தப் பதிலை "ரிப்ளை ஃப்ரம்" என்று தொடங்கும் ஒரு வரியாகக் காட்டும். பிரெஞ்சு விண்டோஸ் "ரெபோன்ஸ் த" என்று காட்டும். விண்டோஸ் என்றால், ஸ்கிரிப்டின் 212ஆம் வரி "ரிப்ளை ஃப்ரம்" என்ற சொற்களை மட்டும் தேடுகிறது. அவை இல்லையா, பதிலே இல்லை, அணைத்துவிடு. முப்பத்துநான்கு கணினிகளும் நலமாக இருக்கிறோம் என்று தங்கள் மொழியில் சொல்லச் சொல்ல, நம் ஸ்கிரிப்ட் அவற்றை அணைத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

என்ன அலட்சியம் என்று எனக்கு எரிந்தது. இரண்டு ஆட்சிமொழிகள் கொண்ட நாடு இது. பால் டப்பாவில் இரண்டு மொழி. எங்கள் அலுவலக மின்தூக்கி மூன்றாம் மாடி வந்ததை இரண்டு மொழியில் அறிவிக்கும். குடியுரிமைக்கு இரண்டு மொழியில் உறுதிமொழி எடுத்தேன். அப்படிப்பட்ட நாட்டில் உட்கார்ந்துகொண்டு, உலகத்துக் கணினிகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் பேசும் என்று எந்த மடையன் நினைத்தான்?

ஒவ்வொரு வரியையும் யார், எந்தத் தேதியில் எழுதினார்கள் என்று பார்க்க வழி உண்டு. பார்த்தேன். 212ஆம் வரி, ஒன்பது ஆண்டுகளுக்கு முன், வளர்மதி.

அந்த ஆண்டின் நாட்குறிப்பை வீட்டு அலமாரியிலிருந்து எடுத்தேன். செவ்வாய்க்கிழமைகளில் வீட்டிலிருந்துதான் வேலை. அந்தத் தேதியின் பக்கத்தை அப்படியே தருகிறேன்: "ஸ்கிரிப்ட் முடிந்தது. வகைக்கு ஒரு கணினியில் சோதித்தேன், மூன்றும் சரி. மதியம் எலுமிச்சைச் சாதம். மழை. மாலை பிரெஞ்சு வகுப்பு, இரண்டாம் பாடம்: கேள்வியும் பதிலும்."

6

ஒன்பது மணிக்குத் திண்டுக்கல்லுக்கு அழைத்தேன். அங்கே மாலை ஆறரை. பேருந்து ஒலியை மீறி ஜெயசீலியின் குரல் கேட்டது.

"சொல்லுங்கக்கா. ரிப்போர்ட்டு வந்துருச்சா? எம் பேரைத்தானே போட்ருக்காக?"

"ஆமா. உனக்கு யார் சொன்னா?"

"முருகேசண்ணன் காலையில இருந்து எனக்கு வடை வாங்கிக் குடுத்துக்கிட்டே இருக்காரு. அப்பவே தெரிஞ்சுபோச்சு."

பின்னாலிருந்து முருகேசன் குரல்: "எல்லாத்துலயும் ஓட்டுன்னு போட்ருந்துச்சு, ஓட்டுனேன். எனக்கென்ன ஜோசியமா தெரியும்? லீவுக்குப் போறவ ஒரு வார்த்த சொல்லிட்டுப் போக மாட்டாளா?"

"ஏண்ணே, அன்னைக்கு ரெண்டு தடவ போன் பண்ணுனேன்ல, நீங்கதான எடுக்கல! நீங்க செத்த நேரம் சும்மா இருங்க," என்று அவரை அடக்கிவிட்டு ஜெயசீலி குரலைத் தணித்தாள். "அக்கா, இந்த வேல போச்சுன்னா பெங்களூருதான் போகணும். இந்த ஊர்ல இதுக்கு வேற எவன் வேல தாரான்? வீட்டுக்காரரு நத்தத்துல மாங்கூழ் ஆலையில இருக்காரு, விட்டுட்டு வர மாட்டாரு. ரெண்டு பிள்ளைகள நான் யாருகிட்ட விட்டுட்டுப் போக?"

அறிக்கையில் கையெழுத்திட மாட்டேன் என்று சொன்னேன். பிறகு, சொல்வதற்குச் சிரமமாக இருந்தாலும் சொன்னேன்: "சீலி, அந்த 212ஆம் வரி நான் எழுதினது."

"தெரியும்க்கா."

"எப்போ தெரியும்?"

"மொத வாரமே. புதுசா ஒரு கடை வந்தா நான் மொதல்ல ஒத்த மெஷின்லதான் ஓட்டிப் பாப்பேன். அது டக்குனு அணைஞ்சுச்சு. என்னடான்னு பாத்தா, அது பாவம், பிரெஞ்சுல பதில் சொல்லுது. எழுதுனது யாருன்னு பாத்தா நீங்க."

"ஏன் சொல்லலை?"

"எப்படிக்கா சொல்றது? நம்மூர்க்காரவுக, மூத்தவுக. நீங்க எழுதுனது தப்புன்னு மெயில்ல போட்டா, கெவினுக்கும்ல அது போகும்? அவுக மத்தியில உங்களுக்கு அசிங்கமில்லையா? அதான், முப்பத்துநாலையும் நோட்டுல எழுதி வச்சுக்கிட்டு கையாலயே பாத்துட்டேன்."

"போன்ல சொல்லியிருக்கலாமே?"

"கோவிச்சுக்காதீங்க. நீங்க போன் பண்ணுனா ரெண்டே கேள்விதான். 'ஓடுச்சா? ஓடலையா?' ஓடுச்சுன்னதும் வச்சிருவீங்க. வாரா வாரம் ரிப்போர்ட்டுல அந்த முப்பத்துநாலும் தனிப் பக்கமாத்தான் போகுது. இது ஏன் தனியா வருதுன்னு ஒருக்கா கேட்ருந்தா, சொல்லிருப்பேன்."

வாராந்தர அறிக்கைகள் என்னிடம்தான் வரும். இரண்டு ஆண்டுகளாக வாரம் ஒன்று. எல்லாவற்றிலும், "பார்வையிட்டேன்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் என் கையெழுத்து இருக்கிறது. தனிப் பக்கம் ஒன்று இருந்தது எனக்குத் தெரியாது. அன்றாடம் என்ன சாப்பிட்டேன் என்பதை எழுதி வைப்பவளுக்குத் தெரியாது.

அவளே பேச்சை மாற்றினாள். "சரி, அது கெடக்கட்டும். ரிப்ளைய ஏங்க்கா தேடணும்? பதில் வந்தா எல்லா பாஷையிலயும் டி.டி.எல்.னு மூணு எழுத்து வருதுல்ல? லினக்ஸ்ல, மேக்ல சின்ன எழுத்துல வருது, அம்புட்டுதான். அதத் தேடச் சொன்னா ஒரே வரியில முடிஞ்சு போகும்."

முடிந்து போகும். ஒன்பது ஆண்டுகளும், பதினான்கு பேரும், ஆலோசகரும் தொடாத வரி.

7

பத்து மணிக்குத் திரையில் கெவினைப் பிடித்தேன். ஏழாம் கட்டத்தில் ஜெயசீலியின் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதியிருந்தேன். அவர் படித்தார். முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது ஒரு கனிவு.

"வால், இது தவறான படிவம். இது ஒப்பந்த நிறுவனங்களுக்கானது. நம் ஊழியர்களுக்கு வேறு படிவம் இருக்கிறது."

அனுப்பினார். அதிலும் ஏழாம் கட்டம் உண்டு. தலைப்பு: "கற்றுக்கொண்ட பாடம்." பெயர் எழுத இடமே இல்லை. அந்தப் பக்கம் செய்தால் தவறு, இந்தப் பக்கம் செய்தால் கல்வி.

"அப்படியானால் ஜெயசீலி?"

"அவள் மறைத்தது தனி விஷயம். அது அப்படியே இருக்கும். அவளிடம் ஏதோ பட்டியல் இருக்கிறது என்று நீ எழுதியிருக்கிறாயே? எந்தெந்தக் கணினி பிரெஞ்சு என்று நம்மிடம் பதிவே இல்லை. மருந்துக்கடைக்காரர்கள் வெள்ளிக்கிழமைக்குள் கேட்கிறார்கள். போவதற்கு முன் அதை வாங்கிவிடு."

நீக்கப் போகிறவளிடமே போய், நீக்குவதற்கு முன் உன் பட்டியலைக் கொடு என்று கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. அழைப்பில் ஜெயசீலியைச் சேர்த்துவிட்டு, நீங்களே கேளுங்கள் என்றேன். கெவின் கேட்டார். அவருடைய ஆங்கிலம் முடியும்வரை அவள் பொறுமையாக இருந்தாள். பிறகு தமிழில் என்னிடம் பேசினாள்.

"அக்கா, அது கம்பெனி நோட்டு இல்ல. என் மகன் போன வருசம் பாதி எழுதிப் போட்ட கணக்கு நோட்டு. நான் இருந்தா நோட்டும் இங்க இருக்கும். நான் போனா அதுவும் என்கூட வீட்டுக்கு வந்துரும்ல. இத அவருகிட்ட எப்படிச் சொல்லணுமோ அப்படிச் சொல்லுங்க."

"என்ன சொல்கிறாள்?" என்றார் கெவின்.

எப்படிச் சொல்லணுமோ அப்படி என்று ஏதும் இல்லை. அவள் சொன்னதை அதே வரிசையில் ஆங்கிலத்தில் சொன்னேன், மகனின் கணக்கு நோட்டு உட்பட. நான் அடித்துத் திருத்திய படிவத்தைத் திரும்பப் பெற மாட்டேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். பட்டியல் இல்லாமல் அக்கரைக்குப் போய் நிற்பதை அவர் மனதுக்குள் பார்த்திருக்க வேண்டும். பின்னால் இருந்த பலகை அவர் தலைக்கு மேல் நன்றாகத் தெரிந்தது. மேசையிலிருந்த பேனாவை இரண்டு முறை திறந்து மூடினார்.

"நீக்கம் என்ற வார்த்தை கொஞ்சம் அவசரம்தான்," என்றார். எழுதியவர் வேறு யாரோ என்பது போல.

"அத எழுத்துல தரச் சொல்லுங்கக்கா," என்றாள் ஜெயசீலி. அதையும் மொழிபெயர்த்தேன்.

8

மருந்துக்கடைகளுக்குப் பிரெஞ்சில் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இரண்டாம் பாடத்தோடு நின்றுபோன என் பிரெஞ்சுக்கு அது முடியாது. மகள் கயலிடம் கொடுத்தேன். பதினாறு வயது. தோழிகளோடு பிரெஞ்சு, தன்னோடு ஆங்கிலம், என்னோடு பெரும்பாலும் தோள் குலுக்கல். கெவினின் ஆங்கில வரைவைப் படித்துவிட்டு முகம் சுளித்தாள்.

"அம்மா, இது சாரி சொல்ற லெட்டர் இல்ல. மாத்திரை டப்பாக்குள்ள மடிச்சு வெச்சிருப்பாங்களே, அந்தப் பேப்பர்."

"நீயே எழுது."

எழுதினாள். நடுவில் நிமிர்ந்து, "ஆக்சுவலா யார் பண்ணின மிஸ்டேக்?" என்றாள்.

"நான்."

தோளைக் குலுக்கவில்லை. என்னை நேராகப் பார்த்தாள். "அப்போ அந்த ஹியூமன் எரர் நீதானா?" பிறகு சிரித்தாள். அவள் என்னோடு அப்படிச் சிரித்து நாளாகிவிட்டது. கடிதத்தில் "ஒரு மனிதத் தவறு" என்றிருந்த இடத்தை அடித்துவிட்டு, "எங்கள் பொறியாளர் ஒருவர் உங்கள் கணினிகள் சொன்ன பதிலைப் புரிந்துகொள்ளவில்லை" என்று பிரெஞ்சில் எழுதினாள். அடியில் கெவின் கையெழுத்திட்டார். அவருக்கும் பிரெஞ்சு தெரியாது.

212ஆம் வரியை அன்றே மாற்றினேன். இம்முறை முதலில் ஒரே ஒரு கணினியில், அக்கரைக் கணினியில், ஓட்டிப் பார்த்தேன். மாற்றத்தின் பதிவில் காரணம் என்ற இடத்தில் ஜெயசீலியின் பெயரையும் அவள் சொன்ன யோசனையையும் எழுதினேன்.

வியாழக்கிழமை, பணியில் தொடர்வாள் என்ற கடிதம் திண்டுக்கல்லுக்குப் போனது. கடிதம் கைக்கு வந்து, அதை முருகேசன் இரண்டு முறை வாசித்துக் காட்டிய பிறகுதான், வெள்ளிக்கிழமை காலை எனக்கு நோட்டுப் பக்கத்தின் படத்தை அனுப்பினாள். கட்டம் போட்ட தாள். நீல மையில் முப்பத்துநான்கு பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கடை, மொழி, கடைசியாகப் பார்த்த தேதி. என் நாட்குறிப்பைவிட ஒழுங்கு. மேலே இரண்டு கோடு போட்ட தலைப்பு: "இதுல ஸ்கிரிப்ட் ஓட்டக் கூடாது. அக்காவுக்குத் தெரியக் கூடாது."

பட்டியலை அறிக்கையின் பின்னிணைப்பாகச் சேர்க்க வேண்டும், ஆங்கிலத்தில் வேண்டும் என்றார் கெவின். பெயர்கள் மட்டும் போதும், தலைப்பு தேவையில்லை என்றும் சொன்னார். தலைப்பிலிருந்து தொடங்கி, ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன். "அக்கா" என்ற இடத்தில் என் முழுப்பெயரை எழுதி, அடியில் கையெழுத்திட்டு அனுப்பினேன்.